குதிரை துப்பிய கொள்ளு

அறுபதுகளில் நான் வாக்கப்பட்டு வந்தது திருப்பூரில் குதிரை வண்டி ஓட்டும் குடும்பத்துக்கு. மில்லிலிருந்து நூல் மூட்டைகளை வேலம்பாளையம் பனியன் கம்பெனிகளுக்கு ஏற்றிப் போவார் என் கணவர். ஒரு மார்கழியில் காய்ச்சல் கண்டு அவர் போய்விட்டார்.

அதன்பிறகு குதிரை சரியாகத் தின்னவில்லை. வாயில் எடுத்த கொள்ளைத் துப்பிவிடும். தை கழிந்து பனி விட்டபோது விலா எலும்பு தெரிந்தது.

"வாயில்லாச் சீவன், எம் மகனை நெனச்சு ஏங்குது. சில பேருக்குத்தான் சோறு எறங்குது" என்றார் மாமியார். அதற்குப் பிறகு தட்டின் முன்னால் உட்காரவே எனக்குக் கூசியது.

குதிரையும் செத்துப்போகுமோ என்று பயந்து மாட்டாஸ்பத்திரிக்கு நானே பிடித்துப் போனேன். மாமியாரும் கூடவே வந்தார். டாக்டர் குதிரையின் நெஞ்சில் குழாய் வைத்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கடைசியில் நாக்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் பார்த்தார்.

"எசமான் போன ஏக்கமுங்க" என்றார் மாமியார்.

"ஏக்கமும் இருக்கலாமுங்க. ஆனா கடவாப்பல்லு கத்தியாட்டம் வளந்து கன்னத்தைக் கிழிச்சிருக்குது. மெல்ல முடியாமத்தான் துப்புது" என்ற டாக்டர், அரம் போட்டுப் பல்லை ராவிவிட்டார்.

புண் ஆற ஆறக் குதிரை தொட்டியைக் காலி செய்யத் தொடங்கியது. ஒரு மத்தியானம் அதைப் பார்த்தபடி நின்ற மாமியார், உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டார்.

"வா கண்ணு, உக்காரு."

அவரும் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது, அன்று அவர் சாப்பிட்ட வேகத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

துக்க வீட்டில் யாராவது வயிறாரச் சாப்பிட்டால் இப்போதெல்லாம் நான் தவறாக நினைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் பரிமாறுகிறேன்.