பின்னுக்குப் போகாத புரோகிராம்

எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் ஒரு சூட்கேசோடும் லெப்டொப்போடும் போனேன். மாமாவுக்கு அரிசி மில் இருந்தது. எனக்கு வேலை இருக்கவில்லை. மில்லுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யார் என்ன நெல் கொண்டுவந்தார், காய்ந்ததா ஈரமா என்று ஒவ்வொருவராகத் திரையில் காட்டும். அந்த வீட்டில் சோறு தின்னும் மருமகன் என்பதற்கு மேலாக எனக்கு ஒரு மதிப்பு இருந்ததென்றால், அது அந்தப் புரோகிராம்தான்.

புதுக் கொம்பியூட்டர் வந்ததும் பழைய டேட்டாபேஸ் அதில் ஓட மறுத்தது. வேறொன்றுக்கு மாற்றினேன். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை அழகாகப் போனது. பின்னுக்குப் போகுமா என்று பார்க்கத் தோன்றவில்லை. முன்னேறும் மனிதன் அல்லவா நான்.

டேட்டாபேசில் கேர்சர் என்று ஒன்று உண்டு. பதிவுகளின்மேல் வைத்த விரல் மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் தொடும். பழையது அந்த விரலைக் கேட்காமலே இரண்டு பக்கமும் நகர விட்டது. புதியது, நாம் சொல்லாவிட்டால், முன்னுக்கு மட்டும்தான் விடும்.

எங்கள் ஆட்களோ ஒரே தடவையில் வேலை முடித்துப் போகிறவர்கள் இல்லை. பதிந்துவிட்டு பிளேன்டீ குடிக்கப் போவார்கள். அடுத்தவரின் பதிவு பாதியில் நிற்கும்போது திரும்பி வந்து, அதில் கொஞ்சம் மச்சான்ட நெல் என்பார்கள்.

வெள்ளாமை வெட்டு தொடங்கிய கிழமையில் சாகாமம் ஊர்க்காரர் ஒருவர் அப்படித் திரும்பி வந்தார். பதிவு போடும் கிளாக் பிள்ளை முந்தினவரைக் காட்டும் பட்டனை அழுத்தினாள். திரை சிவப்பெழுத்தில் ஏசியது. எல்லாவற்றையும் மூடித் திறந்து முதல் ஆளிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் இன்னொருவர் டீ குடித்து முடித்து வந்தார். லொறிகள் வீதிவரை நின்றன. சில பக்கத்து மில்லுக்குத் திரும்பின. மாமா வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"பழையதுக்குப் பின்னுக்குப் போகத் தெரிஞ்சிச்சே, மகன்?"

"கேட்டா இதுவும் போகும், மாமா."

"அப்ப கேக்கிறதுதானே."

கேட்க வேண்டியது ஒரே சொல்: ஸ்க்ரோல். ஆனால் புரோகிராமுக்கும் டேட்டாபேசுக்கும் நடுவில் நின்ற பழைய மென்பொருளுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. கலியாணத் தரகர் மாதிரி இரண்டு பக்கமும் கெஞ்சி, பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன் சரிக்கட்டினேன். தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்த மாமா தானே அழுத்திப் பார்த்தார். முன்னுக்குப் போனது. பின்னுக்கும் போனது.

"நல்லா இரிக்கி," என்றார். கட்டாரிலிருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, கொழும்புக் கொம்பனி ஒன்றின் புரோகிராமை வாங்கச் சொல்லிக் கனகாலமாய் நச்சரித்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும்.

"காலையிலயே கொழும்புக்காரங்களுக்குச் சொல்லிட்டன், மகன். நாளைக்கு வாறாங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

ஓம் மாமா என்றேன். என் சொந்த வீட்டில் இருந்திருந்தால் வேறேதும் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம். பகல் சாப்பாட்டில் மீன்தலையை எனக்கே வைத்தார்கள். மௌத்து வீட்டில் செத்தவரின் ஆட்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு.

மறுநாள் வந்த கொழும்புப் பொடியன்கள் மரியாதையானவர்கள். இதை எழுதினது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிடுவதுபோல, "நானா, பிளக் பொயின்ட் எங்க?" என்றுதான் கேட்டார்கள். என்னுடைய கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தைக் காட்டினேன்.