அண்ணிக்காக விட்ட இடம்

நான் இசைக்குறிப்பு எழுதிய முதல் பாட்டை எங்கள் பேண்டு வாசித்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், பாயின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி அறை. கீழே மீன்தலைக் கறி கொதிக்கிற வாசனை. நான் கீபோர்டில் கை வைத்துத் தலையை ஆட்டினேன். ட்ரம்பெட் ஒரு பக்கம் போனது, சாக்சபோன் இன்னொரு பக்கம் போனது, என் கீபோர்டு தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி நடுவில் நின்றது. அந்தக் கடையின் முதலாளியான பாய்தான் எங்கள் ட்ரம்பெட்காரர். கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். சாக்சபோன் வாசிக்கும் சீன அங்கிள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் தொடையில் தட்டிக்கொண்டு, "ஐயோ மச்சான், இது ஜாஸ் லா!" என்று சிரித்தார். மூலை நாற்காலியில் வெந்நீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாடுவதற்காகத்தான் அதை எழுதினேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கோயில் தேவாரத்தில் தொடங்கி, ஈப்போவில் கல்யாண டின்னர் என்றால் இவர் பாடாமல் நடக்காது என்கிற அளவுக்கு வந்தவர். எங்கள் பேண்டே அவர் குரலைச் சுற்றித்தான் இருந்தது. பிறகு கழுத்தில் கட்டி வந்தது, அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, குரலின் மேல்பாதியும் அதோடு போனது. பேசுவதில் குறையில்லை. பாட வாயைத் திறந்தால் ஓர் இடத்துக்கு மேல் வெறும் காற்றுதான். அதன் பிறகு அவர் மைக் பக்கமே வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான், ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே, "என் மவ டின்னர்ல நான் பாடுவேன்" என்றார். அண்ணன் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார்.

அவர் பாட விரும்பியது சினிமாப் பாட்டு இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவரே போட்ட மெட்டு. நாலு வரிதான். இரண்டாவது வரியில் குரல் எகிறி உச்சிக்குப் போய், அங்கே நின்று, மெல்ல இறங்கும். அந்த உச்சிதான் இப்போது அவரிடம் இல்லை. சினிமாப் பாட்டு என்றால் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொள்வோம். இத்தனை வருஷம் எங்கள் பேண்டு அப்படித்தான் ஓடியது. இதற்கு ஒலிநாடா எங்கே இருக்கிறது? எந்தக் கருவி என்ன வாசிப்பது என்று யாராவது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். "தம்பி எழுதட்டும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். லாரி உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு என்ன தெரியும்? கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

முதல் நாள் நடந்த கூத்துக்குக் காரணம் இதுதான். எனக்கு ச ரி க ம தெரியும். அங்கிளுக்குச் சீனப் பள்ளியில் படித்த ஒன்று, இரண்டு, மூன்று என்கிற எண் முறை தெரியும். பாயும் அதைப் பழகியிருந்தார். சரி, ச என்றால் ஒன்று, ரி என்றால் இரண்டு என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். நம் சங்கீதத்தில் ச எங்கே வைத்தாலும் ச தானே! ஆனால் ட்ரம்பெட்டில் விரல் வைக்கிற முதல் சுரம் ஒரு சத்தம், சாக்சபோனில் முதல் சுரம் வேறொரு சத்தம், கீபோர்டில் மூன்றாவது சத்தம். ஒவ்வொரு கருவிக்கும் எழுதுகிறவன்தான் மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவரவர் கருவியில் ‘ஒன்று’ எதுவோ அதையே அவரவர் வாசித்தார்கள். மூன்று பேரும் சரியாகத்தான் வாசித்தார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். தப்பு செய்தவன் ஒருவனாவது கிடைத்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

அதைச் சரிசெய்து கொண்டுபோனால் அடுத்த குழப்பம். எல்லாருக்கும் ஒரே மெட்டை எழுதியிருந்தேன். கோயில் பஜனையில் ஒருத்தர் வேறு பாடினால், பின்னால் போய் உட்காரு என்பார்கள். அப்படி வளர்ந்த காது இது. பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாசி கண்டார் சோத்துக்கு எல்லாருக்கும் ஒரே கறிதான்னா நான் கடையில எதுக்கு இத்தனை சட்டி வைக்கிறேன்?" என்றார். அதன் பிறகு ஒருவர் மெட்டை வாசிக்க, மற்றவர்கள் அதன் கீழே வேறு சுரங்களில் நகர்வது போல எழுதினேன். எனக்கே புல்லரித்தது. அண்ணி முகத்தைச் சுளித்தார். "யாரு தம்பி இது நடுவுல, கூப்பிடாத பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி? என் மெட்டுல இந்த சுரமே இல்லையே?" என்றார். உண்மைதான், அவர் மெட்டில் அந்தச் சுரம் இல்லை. வீடியோவில் பேசுகிறவர் அது வேண்டும் என்கிறார், அண்ணி வேண்டாம் என்கிறார். கேட்கக் கேட்க இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே எனக்குப் பட்டது. எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியவர் அண்ணிதான். எந்தச் சுருதியில் பாடப்போகிறீர்கள் என்று கேட்டால், "பழைய சுருதிதான்" என்பார். பாடிக் காட்டுங்கள் என்றால், "டின்னர்ல பாடுறேன் லா, இப்ப எதுக்கு வீணாக்கணும்?" என்று வெந்நீரைக் குடிப்பார். ஒத்திகைக்குத் தவறாமல் வருவார். உதடுகள் அசையும், சத்தம் வராது. அவர் நம்பிக்கையோடு இருக்கிறாரா, பயந்துபோய் இருக்கிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் அவர். முந்நூறு பேர் முன்னால், மகள் கல்யாணத்தில், அந்த உச்சியில் குரல் உடைந்தால் என்ன ஆவது?

அதனால் ஒரு வேலை செய்தேன். அந்த உச்சி வருகிற இடத்தில் ட்ரம்பெட், சாக்சபோன், டின்னருக்காகப் புதிதாகச் சேர்த்த ட்ராம்போன் எல்லாம் மெல்லக் கிளம்பி மேலே ஏறி அகலமாக விரிகிற மாதிரி எழுதினேன். குரல் வந்தால் தாங்கிக்கொள்ளும். வராவிட்டால் யாருக்கும் தெரியாது. நான் எழுதியதிலேயே நன்றாக அமைந்த இடம் அதுதான். முதல்முறை வாசித்தபோது அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, "பெரிய ஆளாயிட்ட மச்சான்" என்றார். எதற்காக அப்படி எழுதினேன் என்று அண்ணியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

டின்னர் அன்று அண்ணி அரக்குப் பட்டுச் சேலையில் மேடை ஏறினார். முன்னிசை முடிந்தது. அவர் இடம் வந்தது. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. முதல் வரி போனது, அவர் பாடவில்லை. உச்சி வந்தது. நான் எழுதியபடியே ஊதுகருவிகள் எல்லாம் ஏறி விரிந்தன. அண்ணி மகளைப் பார்த்தபடி நின்றார். நாலு வரியும் முடிந்தது. யாருக்கும் தெரியாத மெட்டு என்பதால், ஒரு குரல் விட்டுப்போனது யாருக்கும் தெரியவில்லை. அம்மா மேடையில் நின்று மகளைப் பார்ப்பதற்காகவே வாசித்த இசை என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார்கள். பலர் என்னிடம் வந்து கைகொடுத்தார்கள். கல்யாணப் பெண் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்து, "சித்தப்பா, அம்மா ஏன் பாடல?" என்று கேட்டாள்.

பல வாரம் கழித்துத்தான் அண்ணியிடம் கேட்க எனக்குத் துணிவு வந்தது. "நல்லா இருந்துச்சு தம்பி. ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் நுழைய எடமே இல்ல" என்றார். அது பாராட்டா, குறையா? முகத்தைப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்! வீட்டுக்கு வந்து, எழுதி வைத்த பாட்டிலிருந்து உடனே ட்ரம்பெட்டின் பகுதியை எடுத்துவிட்டேன். மறுவாரம் ட்ராம்போன் போனது, அதற்கடுத்து சாக்சபோன். எழுதக் கற்றதைவிட எடுக்கக் கற்றது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கணினியில் போட்டுக் கொண்டுபோய் அண்ணிக்குக் கேட்கக் கொடுப்பேன். "ம்" என்பார், அவ்வளவுதான்.

போன ஞாயிறு, என் கீபோர்டில் இடது கை வாசிக்கிற கீழ்ச்சுரங்கள், அந்த பேஸ் மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணி சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கொறை" என்றார்.

"இதுக்கு மேல என்ன இருக்கு அண்ணி? மத்த எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"அதையும்தான் சொல்றேன்."

கணினியை மூடினேன். அவர் கத்தியை வைக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. நறுக்கிக்கொண்டே பாடத் தொடங்கினார். பழைய சுருதி இல்லை, நான் இறக்கி எழுதிப் பார்த்த எந்தச் சுருதியும் இல்லை. கரகரவென்று, தாழ்ந்து, பேச்சுக்குப் பக்கத்தில் இருந்த குரல். இரண்டாவது வரியில் உச்சிக்கு ஏறினார். அங்கே குரல் உடைந்தது. சத்தம் போய் வெறும் மூச்சு மட்டும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. அந்த மூச்சாலேயே உச்சியில் நின்று, இறங்கி, மிச்ச இரண்டு வரியையும் பாடி முடித்தார்.

முடித்துவிட்டு, நறுக்கிய காயைச் சட்டியில் அள்ளிப் போட்டார்.

"இப்ப இதுக்கு எழுது, தம்பி."