டீக்கடையில் நாற்பது வீடுகள்

வேலை போன கையோடு பம்மலிலிருந்து அனகாபுத்தூருக்கு நடந்துகொண்டிருந்தேன். தேர்தல் வேட்பாளர் ஒருவருக்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ஆள் இருக்கிறார்களா என்று போனில் குறிக்கும் வேலை அது. வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளி விழும். நான் அனகாபுத்தூர் ஆற்றோரச் சந்துக்குள் போகாமல், சந்து முனை டீக்கடையில் உட்கார்ந்தே நாற்பது வீடுகளைப் பூட்டியிருப்பதாகக் குறித்துவிட்டேன். அத்தனை புள்ளிகளும் டீக்கடைமேல் விழுந்தன.

"நாப்பது குடும்பமும் பாய்லருக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டு மேலாளர் அக்கா அனுப்பிவிட்டார்.

டீக்கடையில் விட்டுவந்த பையை எடுக்கும்போது, மீன் விற்கும் அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். "வூடு எழுத வந்தவன் நீதானே? வெள்ளத்துல ஆளு ஏத்த வர்ற போட்டுகூட, மேப்புல எங்க சந்து இல்லன்னு இந்தக் கடையோட திரும்பிடுது. நீயும் இன்னா, போட்டா?"

போனில் அலுவலகச் செயலி இன்னும் திறந்தே இருந்தது. "வூட்டக் காட்டுக்கா" என்றேன்.

மீன்கூடையோடு அவர் முன்னே நடந்தார். வாசல் வாசலாக அழுத்த அழுத்த, வரைபடத்தில் வெறும் பச்சையாகக் கிடந்த ஆற்றோரத்தில் புள்ளிகள் முளைத்தன. ஒரு சந்தே என் கையில் பிறந்துகொண்டிருந்தது. எனக்கு அடுத்த வாசலுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது.

மேலாளர் போனில் கத்தினார்: "டேய், புள்ளியெல்லாம் ஆத்துல விழுது!"

"ஆறு இல்லக்கா. வூடுங்க!"

பல ஊர்களில் வரைபடத்தில் இல்லாத வீடுகளில்தான் நானும் படுத்திருக்கிறேன். அன்றுவரை அது உறைக்கவில்லை.

மறுநாள் காலை, அதே மேலாளர் அக்காவிடமே, விடுபட்ட சந்துகளை நடந்து குறிக்கும் வேலையில் சேர்ந்தேன். அன்று முழுக்க டீ குடிக்கவில்லை.