கடைசி மதகின் சேத்தக்கா

ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் கடைசி மதகு இருக்கிறது. அதில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த பெண்மணியை எல்லோரும் சேத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடல் ஏறும்போது நான்கு இரும்புக் கதவுகளையும் இறக்க வேண்டும், வடியும்போது ஏற்ற வேண்டும். இறக்க மறந்தால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறிவிடும். ஏற்ற மறந்தால் வயலில் தேங்கிய தண்ணீர் வெளியேறாது. வேலை அவ்வளவுதான்.

சேற்றை அளக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதகுக்கு வெளியே ஒரு படகு சேற்றில் மாட்டிக்கொண்டு அரை நாள் கிடந்தது. படகு அவருடைய கணவருடையது. மறுநாளே ஒரு மூங்கில் கழியில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, கதவுகளுக்கு வெளியே நான்கு இடங்களில் இறக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அளந்து டைரியில் எழுதி வந்தார். வேலையற்றவள் சேற்றுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறாள் என்று கேலி பேசினார்கள். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

கணவர் மதகுக்கு வெளியே மீன் பிடிப்பவர். அண்ணனுக்கு மதகுக்கு உள்ளே நெல் வயல். "ரெண்டு பக்கமும் நமக்கு வேண்டியவங்கதான், அதனால ரெண்டு பக்கமும் திட்டு விழும்" என்று சேத்தக்காவே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தது. துருப்பிடித்த மூன்றாவது கதவின் இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் புகுந்து, அண்ணனுடைய பயிர் நுனி கருகி நின்றது. விவசாயிகள் கூட்டமாகப் போய் முறையிட்டார்கள். இடுக்கை அடைத்து, மழைக்காலம் வரும்வரை நான்கு கதவுகளையும் பூட்டி வைக்க உத்தரவு வந்தது. சாவியைப் பொறியாளர் எடுத்துக்கொண்டார்.

"சார், மூடியே வெச்சா வெளியில சேறு ஏறிடும்" என்றார் சேத்தக்கா.

"ஏறட்டும்மா. மழை வந்தா அடிச்சிட்டுப் போயிடும்."

"அடிச்சிட்டுப் போக வழி வேணுமே சார்."

பொறியாளர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஏறிவரும் கடல் கலங்கலாக வரும். மூடிய கதவில் மோதி அப்படியே நிற்கும். நின்ற தண்ணீர் சேற்றைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகும். தினம் இருமுறை இதுவே நடந்தது. கழியில் வாரத்துக்கு இரண்டு விரல் கூடியது. வாய்க்காலுக்குள் போய் வளர வேண்டிய மீன்குஞ்சுகள் கதவோரம் மொய்த்துவிட்டுக் காணாமல் போயின. "உங்க அண்ணன் நெல்லுக்காக என் வலையைப் பட்டினி போடுற" என்றார் கணவர். சேத்தக்கா டைரியை மட்டும் விடாமல் எழுதினார்.

எதிர்பார்த்ததற்கு ஒரு மாதம் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. வயல்களில் வரப்பே தெரியவில்லை. பொறியாளர் சாவியோடு ஓடிவந்தார். கதவுகள் நான்கும் மேலே ஏறின. தண்ணீர் நகரவில்லை. வெளியே இடுப்பளவுச் சேறு சுவர் போல நின்றது. அதன்மேல் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன.

"திறந்தாச்சே, ஏன் போகல?" என்று அண்ணன் கேட்டார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று தங்கை சொல்லவில்லை. டைரியை எடுத்துப் பொறியாளரிடம் நீட்டினார். அவர் குடைக்குள் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நாலாவது கதவுக்கு எதிர்ல சேறு ஒரு முழம் கம்மி சார். அங்க ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டினா போதும். மிச்சத்தைத் தண்ணியே பார்த்துக்கும்."

ஆனால் அந்தச் சேற்றில் மண்வெட்டியோடு இறங்கினால் தொடைவரை புதையும். அதில் பலகை போட்டு நடக்கத் தெரிந்தவர்கள் மீனவர்கள்தான். சேத்தக்கா வீட்டுக்குப் போனார். கணவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் வந்து கேக்கட்டும்."

"அவரு கேக்க மாட்டாருங்க. நான் கேக்குறேன்."

அவர் இன்னும் நாலு முடிச்சுப் போட்டார். பிறகு வலையை ஓரமாக வைத்துவிட்டு, "பலகையை எங்க வெச்ச?" என்றார்.

பதினோரு மீனவர்கள் பலகை போட்டுக் கொடுத்தார்கள். விவசாயிகள் வெட்டினார்கள். கடல் வடியத் தொடங்கிய நேரத்தில் கடைசி அடியும் திறந்தது. முதலில் தண்ணீர் ஒரு கை அகலத்துக்குக் கசிந்தது. அப்புறம் இரு கரையும் பாளம் பாளமாகச் சரிய, சாயங்காலத்துக்குள் ஒரு படகு போகும் அகலம் ஆகிவிட்டது. தாழ்வான வயல்கள் தப்பவில்லை, அண்ணனுடையதில் பாதி அழுகிப்போனது. மற்ற வயல்களெல்லாம் பிழைத்தன.

அடுத்த வாரம் மதகு அறையில் இரு தரப்பும் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். கோடையிலும் கடல் வடியும்போதெல்லாம் கதவைத் திறக்க வேண்டும் என்றார் சேத்தக்கா. மறுபடி ஏறும்போது மீன்குஞ்சுகளுக்காக ஒரு கதவை மட்டும் கால் மணி நேரம் திறந்து வைத்துவிட்டு மூட வேண்டும் என்றும் சொன்னார்.

"அந்தக் கால் மணி நேரத்துல உப்பு வராதா?" அண்ணன் விடவில்லை.

"முதல்ல திரும்பி வர்றது நாம வெளிய விட்ட தண்ணிதாண்ணே. உப்பு அதுக்குப் பின்னாடிதான் வரும். ஆத்துல தண்ணி ஓடுறவரைக்கும் பயமில்ல. கோடையில கடல் ஏறுறப்ப அந்தக் கதவையும் உடனே மூடிடுவேன். உப்பு அளக்குற மீட்டர் வெச்சு அஞ்சு நாள் பார்த்துட்டேன், நாளைக்கு நீயே வந்து பாரு."

அண்ணன் மறுநாள் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார், எதிர்ப்பதையும்தான். இன்று அந்தக் கரையில் உள்ள எல்லா மதகுகளும் இந்த முறைப்படிதான் இயங்குகின்றன. அதற்காக வந்த அரசுச் சுற்றறிக்கையில் சேத்தக்காவின் பெயர் இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, "பேரைப் போட்டா சேறு கம்மியாகுமா?" என்றார்.

வெளியே அடித்துச் செல்லப்பட்ட சேறு ஆற்றுவாயில் ஒரு திட்டாகப் படிந்தது. சில ஆண்டுகளில் அதில் சதுப்புநில மரக்கன்றுகள் முளைத்தன. ஒரு விடுமுறை நாளில் கணவர் அவரைப் படகில் அங்கே அழைத்துப் போனார். சேத்தக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். தான் பிறந்தபோது கடலாக இருந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"காலைத் தூக்கு," என்றார் கணவர். "நண்டு வளை மேல நிக்குற."