மூடாத கீறல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கழுகக்கா. பூட்டிய கதவையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள்.

ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களைத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. தட்டு நிறைந்ததும் நடுவில் கூர்முனையால் ஒரு கீறல் போடுவாள். அதுதான் காயம். இரு கரையிலிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்து அதை மூடும். செல்லின் மேலுள்ள ஏற்பிகள் தரையைப் பற்றும், இழுக்கும், பிறகு விடும்; செல் நகர்வது அப்படித்தான். அந்தப் பிடியைத் தடுக்கும் மருந்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவரின் இதயக் குழாயைப் பலூன் வைத்து விரித்திருந்தார்கள். காயம்பட்ட அந்த இடத்துக்கு இந்தச் செல்கள் படையெடுத்தால் குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். மருந்து ஜெயிக்க அவள் வேண்டாத தெய்வமில்லை.

ஆனால் மருந்து போடாத தட்டிலும் கீறல் மூடவில்லை. அது மூடினால்தானே மருந்தின் பெருமை தெரியும்? பக்கத்து மேசையில் வேலை பார்த்த நாத்தனார்மேல் சந்தேகம் விழுந்தது. நாத்தனாருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை.

"என் தட்டைத் தொட்டியா?"

"இல்ல அண்ணி. என் தட்டைப் பாக்கவே நேரமில்ல."

பதில் சட்டென்று வந்ததே அவளுக்குக் குற்றமாகப் பட்டது. முன்பே அடிக்கடி பார்ப்பவள், இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்து திறந்து தட்டை நுண்ணோக்கியடியில் வைத்தாள். கடைசியில் தலைமை விஞ்ஞானியிடம் புகார் போயிற்று. நாத்தனாரை அடுத்த கட்டடத்துக்கு மாற்றினார்கள். அப்புறமும் கீறல் மூடவில்லை. கள்ளச்சாவி வைத்திருப்பாள் என்று நினைத்தாள்.

கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக ஒருநாள் விடுப்பு. மனசே இல்லாமல் தட்டுகளைப் பெட்டியில் விட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் மருந்தில்லாத தட்டில் கீறல் மூடியிருந்தது. மருந்துத் தட்டில் திறந்தே கிடந்தது. குளிர் பட்டால் செல் நகராது. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எடுத்து எடுத்துக் குளிரவைத்த கை அவளுடையதேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த கட்டடத்துக்கு ஓடினாள்.

"தப்பு என்னோடதும்மா. உன்மேல பழி போட்டுட்டேன். திரும்ப வந்துடு."

"வர்றேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி? மூச்சு வருதான்னு ராத்திரி பூரா அண்ணனை எழுப்பி எழுப்பிப் பாக்கறீங்களாமே? தூங்கியே நாளாச்சுன்னு எங்கிட்ட வந்து அழறார்."