அடித்தண்ணீர் சூடு

வெயில் பட்டால் தண்ணீர் எப்படிப் புரளும் என்று சென்னையில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பியவள் நான். என் கணக்கு ரொம்பத் தெளிவு. சூடான தண்ணீர் லேசாகி மேலே வரும், குளிர்ந்தது கீழே போகும். ஆகவே அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடச் சூடாகக் கிடக்கவே முடியாது.

சரிபார்க்க, எங்கள் ஊர் உப்பளத்தை ஒட்டி ஒரு பள்ளத்தைப் பிடித்தேன். கடல்தண்ணீர் ஏறித் தேங்குகிற இடம், முழங்கால் ஆழம்தான். ஒரு குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு வெப்பமானியைக் கட்டி, அங்கே உப்பு வாருகிற அக்காவிடம் கொடுத்து நடச் சொன்னேன். மழை பெய்து ஓய்ந்த வாரம் அது. என் போனுக்கு வந்த அளவைப் பார்த்தால் அடி கொதிக்கிறது, மேலே வெதுவெதுப்பு.

எனக்கு வந்ததே கோபம். "எக்கா, குழாயத் தலைகீழா நட்டு வச்சிருக்கியளா? ஒரு வேலைய உருப்படியா செய்ய மாட்டியளா?" என்று போனில் கத்தினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்த ரகம் நான்.

"சரிம்மா, திருப்பி வைக்கேன்" என்றார். திருப்பினார். மறுநாள் அளவு என் கணக்கோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். ஆய்வுக்குழு முன்னால் காட்ட நாள் குறித்தார். அதில் தேறினால் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான்.

கூட்டத்தில் காட்ட ஒரு போட்டோ வேண்டுமே என்று ஊருக்கு வந்தேன். மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினால், முழங்காலுக்குச் சுகமாக இருக்கிறது, பாதம் வெந்துபோகிறது. துள்ளிக் கரையேறினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மழத்தண்ணி மேல கிடக்கு. கீழ உள்ளது உப்புத்தண்ணில்லா, சுட்டாலும் அது கனம். எங்கன மேல வரும்?"

"அன்னைக்கே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ சொல்ல விட்டியா? ஏசிக்கிட்டுல்லா இருந்த."

அவர் முதலில் நட்டதுதான் சரி. வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டேன். "விடுளா, கால்ல எண்ணெயத் தேயி" என்றார்.

திருப்பிய குழாயின் அளவைக் காட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. சென்னை போய்ச் சேருகிறவரைக்கும் அதே நினைப்பு. மனசு கேட்கவில்லை. குழு முன்னால் இரண்டு அளவையும் வைத்து, "முதலாவதுதான் சரி. என் கணக்கில் உப்பைச் சேர்க்க மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எந்த ஊரும்மா?"

உப்பு விளையாத ஊராகப் பார்த்து, விளாத்திகுளம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"தூத்துக்குடி, சார்."

கணக்கில் உப்பைச் சேர்க்க இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள்.