கந்தப்பளை மலையில் மாப்பிள்ளையோடு

காலை ஏழரைக்கு இலங்கையின் நுவரெலியாவிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். மறுநாள் எங்களுக்கு இருநூறு கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். முந்தின நாள் உடம்பை அலட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். "ஓட்டல் அறையில படுத்துக் கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றான் பஷீர். அபுதாபியில் என்னோடு வேலை பார்ப்பவன். இருவருக்கும் சொந்த ஊர் திருச்சி. பாலைவனச் சாலையில் பழகிய எங்கள் கால்களுக்கு மேடு என்பதே புதிது. கந்தப்பளை வரை மெதுவாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

வழியெல்லாம் மலைச்சரிவைப் படிகளாக வெட்டி லீக்ஸும் கேரட்டும் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே மேகம். முதல் மேட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. கந்தப்பளைக் கடைத்தெருவில் இஞ்சி தட்டிப் போட்ட, பால் இல்லாத பிளேன்டீ குடித்தோம். கோப்பை அறுபது ரூபாய். "தோட்டத்து ரோட்ல மேல போனா அருவி ஒன்னு இருக்குங்க, பாத்துட்டுப் போங்க" என்றார் கடைக்கார அம்மா. அந்த ஒரு வார்த்தை போதாதா பஷீருக்கு?

தோட்டத்துச் சாலையில் மூன்றாவது வளைவில் ஒரு பஸ் நின்றது. கண்ணாடியில் மணமக்கள் பெயர் ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால், இரவு மழையில் சாய்ந்த பெரிய யூகலிப்டஸ் மரம் சாலையை முழுதாக அடைத்துக் கிடந்தது. பொகவந்தலாவையிலிருந்து இருட்டோடு புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டார். ரம்பம் கொண்டுவர ஆள் போயிருந்தது. யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. கோயில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. அப்போது மணி ஒன்பதே முக்கால்.

பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை யோகராஜ் மரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். "நான் நடந்தே போறேன் அத்தே."

"நடந்தா ஒரு மணி நேரம் ஆவும்டா! பொண்ணு வீட்டுல என்னா நெனப்பாங்க?" அத்தை மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார்.

பஷீர் என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. நாளைய ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் பழகியிருக்கிறோம். ஈரச் சாலை, ஒரு தடவை விழுந்தால் எல்லாம் போச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தன் சைக்கிளை மரத்துக்கு மேலே தூக்கிக் கொடுத்துவிட்டான். "மாப்ள, ஓட்டத் தெரியும்ல?"

"ஸ்கூல் படிக்கிறப்ப ஓட்டுனதுங்க."

கூறைச்சேலை என் முதுகுப்பைக்குள் போனது. தாலியை யார் கொண்டுபோவது? மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து குனிந்தால் விழுந்துவிடும். என் சைக்கிள் பனியனின் பின்பக்கம் ஜிப் வைத்த பை இருந்தது. அத்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி பேரு என்னாங்க?"

"முரளிங்க."

"முன்னுக்குப் போயிறாதீங்க தம்பி. அவன் கூடவே போங்க." மஞ்சள் துணியில் முடிந்த தாலியை அவரே பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

நானும் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டினேன். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். மேடு செங்குத்தானதும் இருவரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினோம். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். "ஏய், மாப்ள ஓடுறாருடி! வேகமா ஓடுங்க மாப்ள!" மலை முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் ஓடினார்.

பிறகு இறக்கம். கோயில் கோபுரம் தெரிந்த வளைவில் என் சக்கரம் சேற்றில் வழுக்கியது. விழும்போதே கை பின்பக்கப் பைக்குத்தான் போனது.

"தாலி இருக்குதாங்க?" என்று கத்தினார் மாப்பிள்ளை. அப்புறம்தான், "ஐயோ, அடி பட்டிருச்சா அண்ணே?"

தாலி இருந்தது. முழங்கைத் தோல்தான் இல்லை.

பத்து இருபதுக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். பெண்ணின் அப்பா வெளிறிய முகத்தோடு ஓடிவந்து மருமகனைக் கட்டிக்கொண்டார். சேலையை உள்ளே கொண்டு ஓடினார்கள். மாலையோடு வந்த பெண், மாப்பிள்ளையின் வேட்டியிலிருந்த சேற்றைப் பார்த்தாள். "சைக்கிள்லயா வந்தீங்க?" என்று கேட்டவள், தாலி ஏறும் வரை சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் நடந்து வந்து சேர்ந்தார்கள். முன்னால் பஷீர், தலையில் ஹெல்மெட், கையில் பழத்தட்டு. தாலி கட்டியதை அத்தையால் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லி அழுதார். பிறகு என் முழங்கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். சாப்பாட்டில் எங்கள் இலையைக் காலியாகவே விடவில்லை. அருவியைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் ஓட்டத்தில் வீங்கிய கையோடு கடைசிக்கு முந்தினவனாக வந்து சேர்ந்தேன். கடைசி ஆள் பஷீர். பாயசத்தின் மேல் பழி போட்டான்.

அபுதாபியில் வெள்ளிக்கிழமை விடிகாலைகளில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் மிதிப்போம். நேர்ச் சாலை, இருபுறமும் மணல். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பலாம். அதைத்தான் நிம்மதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.